நாள்பட்ட தினசரித் தலைவலி எத்தனை பேருக்கு, யாருக்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"மாதத்தில் எத்தனை நாள் தலைவலிக்கிறது?" என்று கேட்டால், "நான்கைந்து நாள் இருக்கும்" என்று பதில் சொல்பவர்கள் பலர். அவர்களிடமே கேள்வியைத் திருப்பி, "தலையில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் முழுத் தெளிவாக இருந்த நாட்கள் எத்தனை?" என்று கேட்டால், சற்று யோசித்துவிட்டு, "பத்து நாள் இருந்தாலே அதிகம்" என்பார்கள். முதல் பதிலில் அவர்கள் எண்ணியது ஆளைப் படுக்கவைத்த நாட்களை மட்டும்தான். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே வேலையை முடித்த நாட்களும், மாத்திரை போட்டுச் சமாளித்த நாட்களும் கணக்கில் ஏறவே இல்லை. இங்கே தொகுத்துள்ள கேள்விகளில் பாதி, இந்தக் கணக்குப் பிசகிலிருந்து பிறந்தவை.

நாள்பட்ட தினசரித் தலைவலி என்றால் ஒரு நாள் விடாமல் வலிக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. மாதத்துக்கு 15 நாட்களோ அதற்கு மேலோ, தொடர்ந்து மூன்று மாதங்களுக்கு மேல் தலைவலி இருந்தால் அதை நாள்பட்ட தினசரித் தலைவலி என்று மருத்துவர்கள் அழைக்கிறார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வலிப்பவரும் இதில் அடங்குவார். பெயரில் இருக்கும் "தினசரி" என்ற சொல்தான் பலரை ஏமாற்றிவிடுகிறது. "எனக்குத் தினமும் வலிப்பதில்லையே" என்று அவர்கள் தங்களைத் தாங்களே இந்தக் கூட்டத்திலிருந்து விலக்கிக்கொள்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது ஒரு நோயின் பெயர் அன்று. காய்ச்சல் என்பது எப்படிப் பல நோய்களின் பொதுவான வெளிப்பாடோ, அப்படியே இதுவும் வெவ்வேறு வகைத் தலைவலிகளை நாட்கணக்கை மட்டும் வைத்து ஒரே கூரையின் கீழ் கொண்டுவரும் பெயர். ஆகவே "எனக்கு நாள்பட்ட தினசரித் தலைவலி" என்று தெரிந்துகொண்டால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறது. அது எந்த வகை என்பதைக் கண்டறிந்த பிறகே மருத்துவம் தொடங்கும்.

ஏன் 15 நாள்? 14 நாள் வலித்தால் பரவாயில்லையா?

மாதத்தில் பாதி என்ற எளிய கணக்குதான் அந்த எல்லைக்கோடு. 14-க்கும் 15-க்கும் இடையே உடலில் எந்த மதிலும் எழுந்து நிற்பதில்லை. அமெரிக்காவில் நாள்பட்ட மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி) உடையவர்களை ஏறத்தாழ ஓராண்டுக்கும் மேலாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை விசாரித்த ஒரு பெரிய ஆய்வில், அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் இடையில் ஒரு முறையாவது 15 நாள் என்ற கோட்டுக்குக் கீழே இறங்கி வந்திருந்தார்கள். இந்த மாதம் 17, அடுத்த மாதம் 12, அதற்கடுத்த மாதம் 16 என்று ஏறி இறங்குவதே இயல்பு. ஆராய்ச்சிக்கும் மருந்துச் சோதனைகளுக்கும் ஒரு கோடு தேவைப்படுகிறது என்பதால் அதைப் போட்டிருக்கிறார்கள். மாதத்தில் 10 நாள் அவதிப்படுபவர் அந்தக் கோட்டைத் தொடும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அதன் பொருள் அன்று.

உலகில் எத்தனை பேருக்கு இது இருக்கிறது?

பெரும்பாலான நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், வயது வந்தோரில் நூற்றுக்கு 3 முதல் 5 பேர் என்ற அளவில் எண்ணிக்கை நிற்கிறது. 2022-ல் வெளியான ஒரு உலகளாவிய தொகுப்பாய்வு, மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ தலைவலி உள்ளவர்கள் 4.6 சதவீதம் என்று மதிப்பிட்டது. அதே ஆய்வில், எந்த வகைத் தலைவலியாவது உள்ளவர்கள் 52 சதவீதம், மைக்ரேன் உள்ளவர்கள் 14 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் இன்னும் சற்று அடக்கமாக, 1.7 முதல் 4 சதவீதம் என்று கூறியிருக்கிறது.

நூற்றுக்கு நான்கு என்றால் சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் ஐம்பது பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகத்தில் அது இரண்டு பேர். அந்த இருவரும் பெரும்பாலும் விடுப்பு எடுக்காமல், மேசையில் அமர்ந்து, திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவைத்துக்கொண்டு வேலை பார்ப்பவர்கள் என்பதால் மற்ற 48 பேருக்கும் அது தெரியாது. உலகம் முழுவதற்கும் கணக்கிட்டால் 20 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இந்த நிலையில் இருக்கிறார்கள்.

ஒவ்வோர் ஆய்வும் வேறுவேறு எண்ணைச் சொல்கிறதே, எதை நம்புவது?

வேறுபாடு உண்மைதான். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள பால்டிமோர் வட்டாரத்தில் 13,343 பேரைத் தொலைபேசியில் விசாரித்து 1998-ல் வெளியிட்ட ஆய்வு 4.1 சதவீதம் என்றது. ஸ்பெயினில் அடுத்த ஆண்டு வெளியான ஆய்வு 4.7 சதவீதம் என்றது. தைவானில் 3.2 சதவீதம். சீனாவில் நாடளாவிய கணக்கெடுப்பு ஒன்று ஏறத்தாழ 1 சதவீதம் என்றது. ரஷ்யாவில் 10 சதவீதத்தைத் தாண்டியது. ஜார்ஜியா நாட்டில் 7.6 சதவீதம்.

இதற்குக் காரணங்கள் பல. முதலாவது, கேள்வி கேட்கும் விதம். "உங்களுக்குத் தலைவலி உண்டா?" என்ற ஒற்றைக் கேள்வியோடு தொடங்கி, "இல்லை" என்பவரை அங்கேயே விட்டுவிடும் ஆய்வில் எண் குறையும், நேற்று தலைவலித்ததா, சென்ற வாரம் எத்தனை நாள் என்று துருவும் ஆய்வில் எண் கூடும். இரண்டாவது, வயது வரம்பு. நார்வேயில் ஒரு முக்கியமான ஆய்வு 30 முதல் 44 வயதுவரை உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு 2.9 சதவீதம் என்று கண்டது; அந்த எண்ணை எல்லா வயதினருக்கும் பொருத்த முடியாது. மூன்றாவது, வரையறை. ஆண்டுக்கு 180 தலைவலிகள் என்று எண்ணுவதும், மாதத்துக்கு 15 நாள் என்று எண்ணுவதும் நெருக்கமானவையே தவிர ஒன்றல்ல. நான்காவது காரணம் உண்மையான வேறுபாடு: வலிநிவாரணிகள் எவ்வளவு எளிதாகக் கிடைக்கின்றன, மருத்துவ உதவி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பவை நாட்டுக்கு நாடு மாறுகின்றன. ரஷ்ய ஆய்வில் மாத்திரை மிகைப்பயன்பாட்டால் வரும் தலைவலி மட்டுமே 7 சதவீதம் இருந்தது என்பது இந்த நான்காவது காரணத்தை ஓரளவு சுட்டிக்காட்டுகிறது.

என்னைக் கேட்டால், தனி ஓர் ஆய்வின் எண்ணைப் பிடித்துக்கொள்வதைவிட, வெவ்வேறு கண்டங்களில், வெவ்வேறு முறைகளில் எடுத்த எண்களில் பெரும்பாலானவை 3-க்கும் 5-க்கும் இடையே வந்து விழுகின்றன என்பதைத்தான் நம்பத்தகுந்த செய்தியாகக் கொள்வேன்.

இவர்களுக்கு இருப்பது எந்த வகைத் தலைவலி?

நான்கு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் நாள்பட்ட தலைவலிகளில் நான்கு வகைகளை முதன்மையாகச் சொல்வார்கள்.

எண்ணிக்கையில் முந்துவது பெரும்பாலும் நாள்பட்ட இறுக்கத் தலைவலி. தலையைச் சுற்றிப் பட்டையை இறுக்கிக் கட்டியது போலவும், உச்சியில் பாரம் ஏற்றியது போலவும் இருபுறமும் அழுத்தும் வலி இது. குமட்டல் பெரிதாக இருக்காது, நடந்தால் வலி அதிகமாகாது. பால்டிமோர் ஆய்வில் கண்ட 4.1 சதவீதத்தில் பாதிக்கு மேல், அதாவது மக்களில் 2.2 சதவீதம், இந்த வகை.

இரண்டாவது நாள்பட்ட மைக்ரேன். மாதத்தில் 15 நாளாவது தலைவலி, அதில் 8 நாளாவது மைக்ரேனின் குணங்கள் என்பது இதன் வரையறை. விண்விண்ணென்று தெறிப்பது, வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமல் போவது, குமட்டுவது ஆகியவை அந்தக் குணங்கள். மற்ற நாட்களில் இதுவும் இறுக்கத் தலைவலி போலவே மங்கலாக இருப்பதுண்டு. உலக அளவில் 1.4 முதல் 2.2 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகத் தொகுப்பாய்வு ஒன்று கூறுகிறது. எப்போதாவது வந்துகொண்டிருந்த மைக்ரேன் ஆண்டுகள் போகப் போக நெருங்கி வந்து தினசரியாக உருமாறுவதை, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் நைனான் மேத்யூ 1980-களில் விரிவாக விவரித்தார். "உருமாறிய மைக்ரேன்" என்ற பெயர் அப்படித்தான் பரவியது.

மூன்றாவது, புதிதாகத் தொடங்கி நீடிக்கும் தினசரித் தலைவலி. இது அரிது, பொதுமக்களில் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே காணப்படுகிறது. ஆனால் கதை விசித்திரமானது. முன்பு தலைவலியே அறியாத ஒருவருக்கு ஒரு குறிப்பிட்ட நாளில் வலி தொடங்குகிறது. 24 மணி நேரத்துக்குள் இடைவிடாத வலியாகிவிடுகிறது. பிறகு போவதே இல்லை. எந்த நாள், அப்போது எங்கே இருந்தேன், என்ன செய்துகொண்டிருந்தேன் என்று இவர்கள் துல்லியமாகச் சொல்வார்கள். மற்ற வகையினரிடம் "எப்போது தொடங்கியது?" என்று கேட்டால் "இரண்டு மூன்று வருடமாக" என்ற மொத்தமான பதில்தான் வரும்.

நான்காவது, தலையின் ஒரே பக்கத்தில் விடாமல் இருக்கும் அரியதொரு வலி. வலிக்கும் பக்கத்துக் கண் சிவந்து நீர் வடியும். இண்டோமெதசின் என்ற மருந்துக்கு இது முழுமையாக அடங்கிவிடும் என்பதே இதை அடையாளம் காணும் வழி.

ஒரு கண்ணைச் சுற்றிக் கடுமையாகத் தாக்கும் கொத்துத் தலைவலி இந்தப் பட்டியலில் இல்லாததற்குக் காரணம், அதன் ஒவ்வொரு தாக்குதலும் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்பது. (அதற்கும் "நாள்பட்ட" என்ற அடைமொழி உண்டு, ஆனால் அங்கே அந்தச் சொல்லுக்குப் பொருளே வேறு. ஓராண்டாகப் போதிய இடைவெளியின்றித் தாக்குதல்கள் தொடர்கின்றன என்பதை அது குறிக்கிறது. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் வைத்தது நோயாளிகளுக்குச் செய்த உதவியாகத் தெரியவில்லை.)

பெண்களுக்குத்தான் அதிகம் என்பது உண்மையா?

உண்மை. பால்டிமோர் ஆய்வில் பெண்களில் 5 சதவீதம், ஆண்களில் 2.8 சதவீதம். 2022 தொகுப்பாய்வில் பெண்களில் 6 சதவீதம், ஆண்களில் 2.9 சதவீதம். அதாவது ஏறத்தாழ இரண்டு பங்கு. நாள்பட்ட மைக்ரேனை மட்டும் தனியே எடுத்தால் இடைவெளி இன்னும் விரிகிறது. அமெரிக்காவில் நடந்த பெரிய கணக்கெடுப்பு ஒன்றில் பெண்களில் 1.29 சதவீதம், ஆண்களில் 0.48 சதவீதம்.

ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் ஏற்ற இறக்கம் இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. பூப்படையும் வயதுக்கு முன் மைக்ரேன் ஆண் பிள்ளைகளிடமும் பெண் பிள்ளைகளிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்து, அதன் பிறகே பெண்களின் எண்ணிக்கை உயர்கிறது. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஹார்மோன் அளவு தாறுமாறாக ஏறி இறங்கும்போது தலைவலி நாட்கள் கூடுவதும் பலரும் அனுபவித்தறிந்தது.

இருந்தாலும் இதைப் பெண்களின் நோய் என்று முத்திரை குத்துவது இரு தரப்பையும் பாதிக்கிறது. பெண் சொன்னால் "அவளுக்கு எப்போதும் இருப்பதுதான்" என்று தட்டிக்கழிக்கப்படுகிறது. ஆண் சொல்லத் தயங்குகிறார். மூன்று பேரில் ஒருவர் ஆண் என்பதை நினைவில் கொள்வது நல்லது.

எந்த வயதில் அதிகம்? குழந்தைகளுக்கும் வருமா?

சாதாரண மைக்ரேன் முப்பதுகளில் உச்சத்தைத் தொட்டு, ஐம்பதுக்குப் பின் குறையத் தொடங்குகிறது. தினசரித் தலைவலி அந்த அளவுக்குக் குறைவதில்லை. 65 வயதைக் கடந்தவர்களை மட்டும் தைவானின் கின்மென் தீவில் ஆராய்ந்து 2000-ல் வெளியிட்டபோது, 3.9 சதவீதம் பேரிடம் இது இருந்தது. நடுவயதினரிடம் காணப்படும் அளவிலிருந்து இது பெரிதாக விலகியிருக்கவில்லை.

பிள்ளைகளுக்கும் வரும். தைவானில் 12 முதல் 14 வயதுவரை உள்ள பள்ளி மாணவர்களிடம் 1.5 சதவீதம், மாணவிகளில் 2.4, மாணவர்களில் 0.8. நூறு பேர் படிக்கும் ஒரு வகுப்புப் பிரிவில் ஒருவரோ இருவரோ என்று கொள்ளலாம். பிள்ளைகளின் தலைவலியைப் படிப்புக்குப் பயந்து சொல்லும் சாக்கு என்று பெரியவர்கள் எடுத்துக்கொள்வது வழக்கம். விடுமுறை நாளிலும் வலிக்கிறதா, விளையாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்து படுத்துக்கொள்கிறதா என்று இரண்டு வாரம் கவனித்துப் பார்த்தால், சாக்கா வலியா என்பது தெரிந்துவிடும். ஆறுதலான செய்தி ஒன்று உண்டு: அந்தத் தைவான் மாணவர்களை எட்டு ஆண்டுகள் கழித்து மறுபடி விசாரித்தபோது, எட்டில் ஒருவர் அளவுக்கே தினசரித் தலைவலியோடு இருந்தார்கள்.

படிப்பு, வருமானம் ஆகியவற்றுக்கும் தலைவலிக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. குறைந்த கல்வியும் குறைந்த வருமானமும் உள்ளவர்களிடம் தினசரித் தலைவலி கூடுதலாக இருப்பது பல நாடுகளில் காணப்பட்டிருக்கிறது. மணமுறிவு பெற்றவர்கள், துணையை இழந்தவர்கள், பிரிந்து வாழ்பவர்கள் ஆகியோரிடமும் அப்படியே. எது காரணம், எது விளைவு என்று பிரிப்பதுதான் கடினம். வறுமை தரும் உளைச்சலும் தூக்கமின்மையும் தலைவலியை வளர்க்கலாம். மாதத்தில் பாதி நாள் தலைவலியோடு இருப்பவர் படிப்பையும் வேலையையும் இழந்து வறுமைக்குள் இறங்கவும் கூடும். மூளைக்கு அதிகம் வேலை கொடுப்பவர்களுக்கே தலைவலி வரும் என்ற பரவலான எண்ணத்தை இந்த எண்கள் ஆதரிக்கவில்லை என்பது மட்டும் தெளிவு.

எப்போதாவது வரும் தலைவலி தினசரியாக மாறிவிடுமா?

மாறக்கூடும், ஆனால் பெரும்பாலோருக்கு மாறுவதில்லை. எப்போதாவது மைக்ரேன் வருபவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு 2 அல்லது 3 பேர் நாள்பட்ட நிலைக்குச் செல்கிறார்கள். ஓராண்டுக்கு இது சிறிய எண். ஆனால் மைக்ரேன் முப்பது நாற்பது ஆண்டுகள் கூட வரும் நோய் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரே இரவில் இது நடப்பதும் இல்லை. மாதத்துக்கு இரண்டு என்றிருந்தது நான்காகி, எட்டாகி, பன்னிரண்டாகும் காலம் பல மாதங்களோ ஆண்டுகளோ நீள்கிறது. ஏற்கெனவே எத்தனை நாள் வலிக்கிறது என்பதே அடுத்த ஆண்டு எத்தனை நாள் வலிக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்லும் வலுவான அறிகுறி. திரும்பத் திரும்ப வலித்துக்கொண்டே இருந்தால், வலியைக் கடத்தும் நரம்புப் பாதைகள் கூருணர்வு பெற்றுவிடுகின்றன. பிறகு சாதாரணத் தொடுதலே வலியாகிறது. தலைவாரும்போது சீப்பு பட்ட இடம் எரிகிறது, கண்ணாடியின் காம்பு காதோரம் உறுத்துகிறது, வலிக்கும் பக்கம் தலையணையில் சாய்த்துப் படுக்க முடியவில்லை, முடியை இறுக்கிக் கட்டினால் தாங்கவில்லை என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால், அது இந்த மாற்றம் நிகழ்ந்துவருவதற்கான அடையாளம். மருத்துவர் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

யாருக்கு இப்படி மாறும் வாய்ப்பு கூடுதல்?

மாற்ற முடியாதவை சில: பெண்ணாக இருப்பது, தலையிலோ கழுத்திலோ எப்போதாவது அடிபட்டிருப்பது, குடும்பத்தில் மைக்ரேன் இருப்பது.

கவனம் செலுத்தக்கூடியவற்றில் உடல் பருமன் முக்கியமானது. 2003-ல் வெளியான ஒரு பின்தொடர் ஆய்வில், உடல் நிறைக் குறியீட்டெண் (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் BMI) 30-ஐத் தாண்டியவர்களுக்குப் புதிதாகத் தினசரித் தலைவலி தோன்றும் வாய்ப்பு, சரியான எடை உள்ளவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. பருமன் தலைவலியைத் தொடங்கி வைப்பதைவிட, இருக்கும் தலைவலியின் நாட்களைக் கூட்டுவதில்தான் அதிகம் செயல்படுவதாகத் தெரிகிறது.

குறட்டையும் அப்படித்தான். தினமும் குறட்டை விடுபவர்களிடம் தினசரித் தலைவலி கூடுதல். எடையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் தொடர்பு நிற்கிறது. காலையில் கண் விழிக்கும்போதே தலை பாரமாக இருந்து, எழுந்து நடமாடியபின் ஓரிரு மணி நேரத்தில் விலகிவிடுமானால், தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும். இதைக் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் பக்கத்தில் படுத்திருப்பவர்தான். நோயாளிக்குத் தன் குறட்டை கேட்பதில்லை.

மனச்சோர்வும் பதற்றமும் இருமுனைக் கத்திகள்: அவை தலைவலியைக் கூட்டுகின்றன, தலைவலியும் அவற்றைக் கூட்டுகிறது. வீடு மாறுவது, வேலை போவது, நெருங்கியவர் இறப்பது போன்ற பெரிய வாழ்க்கை மாற்றங்கள் நிகழ்ந்த ஆண்டிலோ அதற்கு அடுத்த ஆண்டிலோ தலைவலி தினசரியானது என்று சொல்பவர்கள் கூடுதல். முதுகுவலி, மூட்டுவலி என்று வேறு நாள்பட்ட வலி உள்ளவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். காபியைப் பொறுத்தவரை, அதிகமாகக் குடிப்பவர்களிடம் சிறிதளவு கூடுதல் காணப்பட்டிருக்கிறது. பருமனோடும் மாத்திரையோடும் ஒப்பிட்டால் அது சிறிய விஷயம்.

மாத்திரை போட்டால் தலைவலி கூடும் என்கிறார்களே, அது எப்படி?

முரண்பாடாகத் தோன்றினாலும் உண்மை. வலிநிவாரணியை அளவுக்கு மீறிய நாட்களில் எடுத்துக்கொள்வதே தலைவலியைத் தினசரியாக்கிவிடும். எல்லை இதுதான்: பாராசிட்டமால், இபுப்ரோஃபென் போன்ற எளிய வலிநிவாரணிகள் என்றால் மாதத்தில் 15 நாள், மைக்ரேனுக்கான டிரிப்டான், எர்கோட் வகைகள், அபின் சார்ந்த ஓபியாய்டு, ஒரே மாத்திரையில் பல மருந்துகள் கலந்தவை என்றால் 10 நாள். இவற்றை மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் ஆபத்து. ஒரு நாளில் எத்தனை மாத்திரை விழுங்கினார் என்பதைவிட, மாதத்தில் எத்தனை நாட்கள் விழுங்கினார் என்பதே இங்கே கணக்கு. ஒரே நாளில் மூன்று மாத்திரை போட்டவருக்கு அது ஒரு நாள். தினமும் அரை மாத்திரை போட்டவருக்கு அது முப்பது நாள்.

உலக மக்களில் 1 முதல் 2 சதவீதம் பேருக்கு இந்த வகைத் தலைவலி இருப்பதாக மதிப்பீடு. 30 முதல் 50 வயதுவரை உள்ள பெண்களிடம் மிகுதி. பொதுமக்களிடையே தினசரித் தலைவலி உள்ளவர்களில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை மாத்திரையை மிகையாகப் பயன்படுத்துகிறார்கள்; தலைவலிக்கான சிறப்பு மருத்துவமனைகளுக்கு வருபவர்களில் அது பாதிக்கும் மேல். அங்கே பணிபுரியும் மருத்துவர்களுக்குத் தினசரித் தலைவலி என்றாலே மாத்திரைதான் காரணம் என்று தோன்றுவதில் வியப்பில்லை. அவர்கள் பார்ப்பது சல்லடையில் தங்கியவர்களை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மூட்டுவாதத்துக்காகத் தினமும் வலிநிவாரணி எடுப்பவர்களை ஆராய்ந்தபோது, முன்பு தலைவலி இல்லாதவர்களுக்குப் புதிதாகத் தினசரித் தலைவலி வரவில்லை. ஏற்கெனவே மைக்ரேன் இருந்தவர்களுக்கே வந்தது. ஆக, மாத்திரை மட்டும் குற்றவாளி அன்று. தலைவலிக்கு இடம் கொடுக்கும் மூளையும், அடிக்கடி மாத்திரையும் சேரும்போதுதான் இது நிகழ்கிறது. இதைத் தெரிந்துகொண்டால், "இவர் மாத்திரைக்கு அடிமையாகிவிட்டார்" என்ற பழிச்சொல் எவ்வளவு அநியாயம் என்பது புரியும். அவர் செய்தது, வலித்தபோது மருந்து எடுத்ததுதான். மாத்திரையை நிறுத்தும்போது முதல் சில நாட்கள், சிலருக்குப் பத்து நாள்வரை, வலி கூடும். ஓபியாய்டு, தூக்க மருந்து கலந்தவை போன்றவற்றை மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் திடீரென நிறுத்தக் கூடாது.

தினமும் தலைவலிக்கிறது என்றால் மூளையில் கட்டி இருக்குமோ?

இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆண்டுக்கணக்கில் ஒரே மாதிரி தொடரும் தலைவலிக்கு அது காரணமாக இருப்பது அரிது. ஆனால் சில அடையாளங்கள் இருந்தால் நாள் கடத்தாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்: நொடிகளில் உச்சத்தைத் தொடும் திடீர் வலி, காய்ச்சலோடு கழுத்து இறுகுவது, கை கால் மரப்பு அல்லது பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மங்குவது, அடிபட்டபின் தொடங்கியது, புற்றுநோயோ நோய் எதிர்ப்புக் குறைவோ உள்ளவருக்குப் புதிதாக வந்தது, கருவுற்ற காலத்திலோ பேறுகாலத்தை ஒட்டியோ தொடங்கியது. 50 வயதுக்குமேல் முதன்முறையாகத் தொடங்கி, நெற்றிப்பொட்டில் தொட்டால் வலித்து, மெல்லும்போது தாடை நோகுமானால், அது இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். கவனிக்காவிட்டால் பார்வை பறிபோகும். உடல் பருமனான இளம்பெண்ணுக்குத் தலைவலியோடு குனியும்போது கண் இருட்டுமானால், மண்டைக்குள் திரவ அழுத்தம் கூடியிருக்கிறதா என்று கண்ணின் உட்புறத்தைப் பரிசோதித்துப் பார்ப்பார்கள்.

ஒருமுறை தினசரியாகிவிட்டால் வாழ்நாள் முழுவதும் இருக்குமா?

அப்படிச் சொல்வதற்கில்லை. நாள்பட்ட மைக்ரேன் உள்ளவர்களை இரண்டாண்டு பின்தொடர்ந்தபோது, நான்கில் ஒருவர் அளவுக்கு மாதத்தில் 10 நாளுக்கும் குறைவான நிலைக்குத் திரும்பியிருந்தார்கள். அதற்கு முந்தைய ஆய்வு ஒன்றில், தினசரித் தலைவலி இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஓராண்டில் 15 நாள் கோட்டுக்குக் கீழே வந்தார்கள். ஆனால் வாரத்துக்கு ஒன்றுக்கும் குறைவு என்ற அளவுக்கு முழுமையாகத் தேறியவர்கள் 14 சதவீதம்தான். "குறைவது" எளிது, "போவது" கடினம் என்று இதை வாசிக்கலாம். தடுப்பு மருந்துகளும் முன்னைவிடக் கூடியிருக்கின்றன: நாள்பட்ட மைக்ரேனுக்கு போட்டுலினம் (போடாக்ஸ்) ஊசிக்கு அமெரிக்காவில் 2010-ல் அனுமதி கிடைத்தது, மைக்ரேனுக்கென்றே உருவாக்கிய, வலியைத் தூண்டும் சிஜிஆர்பி (CGRP) என்ற புரதப்பொருளைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2018 முதல் வந்துள்ளன.

இத்தனை பேருக்கு இருந்தும் ஏன் வெளியே தெரிவதில்லை?

நாள்பட்ட மைக்ரேன் உள்ளவர்களை அமெரிக்காவில் விசாரித்த ஒரு பெரிய ஆய்வில், மருத்துவரைப் பார்த்தவர்கள் 41 சதவீதம். அவர்களில் சரியான நோய்ப்பெயரைக் கேட்டறிந்தவர்கள் நான்கில் ஒருவர். அவர்களிலும் தக்க மருத்துவம் பெற்றவர்கள் பாதிக்கும் குறைவு. மூன்று படிகளையும் தாண்டியவர்கள் மொத்தத்தில் 5 சதவீதத்துக்கும் குறைவு. முதல் படியிலேயே பாதிக்கும் மேற்பட்டோர் நின்றுவிடுவதற்குக் காரணம் தொடக்கத்தில் சொன்ன கணக்குப் பிசகுதான்: படுக்கவைத்த நாட்களை மட்டுமே எண்ணினால், எவருக்கும் தன் நோய் நோயாகத் தெரியாது.

தலைவலி நாட்குறிப்பு எழுதச் சொல்கிறார்கள். எதை எழுதுவது?

அதிகம் எழுதினால் பத்து நாளில் விட்டுவிடுவீர்கள். நாட்காட்டியின் ஒவ்வொரு கட்டத்திலும், இரவு படுக்கப்போகும் முன், மூன்றில் ஒன்றைக் குறித்தால் போதும்: தலை தெளிவாக இருந்தால் பூஜ்யம், வலித்தும் வேலை செய்ய முடிந்தால் 1, வேலையை நிறுத்தவைத்தால் 2. மாத்திரை போட்ட நாளில் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். பெண்கள் மாதவிடாய் நாட்களின் கீழ் ஒரு கோடு இழுக்கலாம். காலையில் வலித்து மாலையில் தெளிந்த நாளுக்கும் 1 போட வேண்டும். மாத்திரையால் அடங்கிய நாளும் வலித்த நாளே. மூன்று மாதம் முடிந்ததும் பூஜ்யங்களை எண்ணி, வட்டங்களைத் தனியே எண்ணி, அந்தத் தாளை அப்படியே மருத்துவரிடம் கொடுத்துவிடலாம்.